கொசுறு இல்லாத கடை

"கொசுறுன்னா என்ன மாமா?"

செவ்வந்தி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தது. முத்தையாபுரத்திலிருந்து உப்பளத்துக்குப் போகும் சாலையில் ஞானதிரவியத்தின் மருந்துக்கடை இருந்தது. அவளுடைய அம்மா வடிவு, உப்பளத்தில் உப்பு வாருகிறவள், தலைவலி மாத்திரை வாங்க வந்திருந்தாள்.

"போற எடமெல்லாம் பின்னாலயே வாரா அண்ணாச்சி. நான் என்ன வாங்கினாலும் இவ ஒரு கொசுறு" என்று வடிவு சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சொல்தான் குழந்தையின் காதில் விழுந்துவிட்டது. பொருள் ஊரைவிட்டுப் போன பிறகும் சொல் மட்டும் பேச்சில் தங்கியிருந்தது. செவ்வந்தி பிறப்பதற்கு முன்பே கொசுறு போய்விட்டது.

ஞானதிரவியத்தின் கை தானாகவே மேசைமேல் இருந்த கண்ணாடிச் சாடியை நோக்கிப் போயிற்று. அதில் ஆரஞ்சு நிற வைட்டமின் மாத்திரைகள் இருந்தன. முன்பெல்லாம் பெற்றோருடன் வரும் பிள்ளைகளின் கையில் ஒன்றை வைத்து அனுப்புவார். சாடிக்கு ஒரு சாண் இருக்கும்போது மேசை மூலையில் இருந்த கறுப்புப் பெட்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. கை திரும்பி வந்துவிட்டது.

"அப்புறம் சொல்லுதேன் தாயி."

"அப்புறம்னா எப்போ?"

"ஒருநாள் சொல்லுதேன்."

"மறக்கக் கூடாது, என்னா?" என்று சொல்லிவிட்டு, வாசலில் தொங்கிய பித்தளை மணியை எம்பி ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடினாள். அந்த மணியைத் தட்டாமல் அவள் படி இறங்கியதே இல்லை.

குழந்தையிடம் சொன்ன "அப்புறம்" என்பதும் ஒரு கடன்தான். பெரியவர்கள் அதை எங்கும் எழுதி வைப்பதில்லை. அதனால் எளிதாக மறந்தும்விடுகிறார்கள்.

அந்தக் கறுப்புப் பெட்டிக்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. ஊரார் அதைத் தராசுக்கண் என்றார்கள். கடையில் எது விற்றாலும், எவ்வளவுக்கு விற்றாலும் அது பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு பொருளின் விலை இறங்கினால், கடந்த தொண்ணூறு நாளில் அதைக் கூடுதல் விலைக்கு வாங்கிய எல்லாருடைய கணக்குக்கும் வித்தியாசப் பணம் அந்த நொடியே போய்ச் சேரும். கம்பெனி விலையைக் குறைத்தால் கம்பெனி கொடுக்கும். கடைக்காரர் குறைத்தால் கடைக்காரர் கொடுக்க வேண்டும். இதுதான் நேர்விலைச் சட்டம்.

அந்தச் சட்டம் வரவேண்டும் என்று கேட்டவர்களில் ஞானதிரவியமும் ஒருவர்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அவரும் மனைவி எஸ்தரும் சேர்ந்து தூத்துக்குடியில் ஒரு பெரிய கடையில் குளிர்சாதனப் பெட்டி வாங்கினார்கள். முப்பத்தெட்டாயிரம். நான்காம் நாள் அதே பெட்டி முப்பத்தோராயிரம் என்று கடைவாசலில் பலகை தொங்கியது. ரசீதை எடுத்துக்கொண்டு போய் நின்றார். "அன்னைக்கு வெல அன்னைக்கு. இன்னைக்கு வெல இன்னைக்கு" என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். மறுநாளும் போனார். இவரைப்போலவே ரசீதுடன் வந்தவர்கள் அங்கே வரிசையாக நின்றார்கள். தொலைக்காட்சி வாங்கியவர், மகள் கல்யாணத்துக்குக் கட்டில் வாங்கியவர், தையல் இயந்திரம் வாங்கியவள். அந்த வரிசையின் முதல் ஆள் ஞானதிரவியம். "நாங்க முந்தி வாங்கினது எங்க குத்தமா?" என்று அவர் கேட்டது செய்தியில் வந்தது. அதுபோல் பல ஊர்களிலும் வரிசை நின்றது. இரண்டு வருஷத்தில் சட்டம் வந்தது.

நல்ல சட்டம்தான். அதில் சந்தேகம் இல்லை. ஏழைகள் ஏமாறுவது நின்றது. ஆனால் மனிதர்கள் சட்டத்தை விடவும் கெட்டிக்காரர்கள். சில பெரிய கடைகள் விலையைக் குறைக்காமல், வேண்டியவர்களுக்கு மட்டும் பரிசு என்றும் அன்பளிப்பு என்றும் கொடுக்கத் தொடங்கின. அந்த ஓட்டையை அடைக்க இன்னொரு வரி சேர்த்தார்கள். விற்றவரோ அவர் வீட்டாரோ வாங்கியவருக்கு எதைக் கொடுத்தாலும், தொண்ணூறு நாளுக்குள் என்றால், அது விலைக்குறைப்பே.

முதலில் அகப்பட்டவள் சந்தையில் காய்கறி விற்ற ஒரு கிழவி. தக்காளி வாங்கிய கர்ப்பிணி ஒருத்தியின் பையில் கொஞ்சம் கறிவேப்பிலையும் இரண்டு பச்சைமிளகாயும் போட்டாள். அதற்கு முந்தைய தொண்ணூறு நாளில் அவளிடம் தக்காளி வாங்கிய அறுநூற்று எண்பது பேருக்கு ஆளுக்கு மூன்று ரூபாய் அவள் கணக்கிலிருந்து போய்விட்டது. கிழவி சந்தை நடுவில் உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகு எந்தக் கையும் தராசு நேராக நின்றபின் கூடையை நோக்கிப் போகவில்லை.

ஆவணி மாதம் செவ்வந்திக்குக் காது மந்தமாயிற்று. கூப்பிட்டால் இரண்டாம் முறைதான் திரும்பினாள். பெரியாஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா, காது நரம்பு மெல்ல வாடிக்கொண்டு வருகிறது என்றார். புது மருந்து ஒன்று இருக்கிறது; மூன்று வாரத்துக்கு ஒரு ஊசியாக ஆறு ஊசி போட வேண்டும்; போட்டால் நரம்பு பிழைத்துக்கொள்ளும்; நடுவில் விடக் கூடாது என்று சொன்னார். ஆஸ்பத்திரியின் இலவசப் பட்டியலில் அந்த மருந்து இன்னும் சேரவில்லை. குளிரில் வைத்து விற்கும் உரிமை அந்தப் பக்கத்தில் ஞானதிரவியம் கடைக்கு மட்டும் இருந்தது. சர்க்கரை நோயில் கால் மரத்துப்போகிறவர்களும் அதையே போட்டுக்கொண்டதால் வாங்க ஆள் நிறைய வந்தார்கள். ஒரு குப்பி நாலாயிரத்து எண்ணூறு ரூபாய். தூத்துக்குடியில் வாங்கிய அந்தக் குளிர்சாதனப் பெட்டியைத்தான் ஞானதிரவியம் கடைக்குக் கொண்டுவந்து அதில் அந்தக் குப்பிகளை வைத்திருந்தார்.

முதல் குப்பிக்கு வடிவு சேமிப்பை எடுத்தாள். இரண்டாவதற்கு ஆட்டை விற்றாள். மூன்றாவதற்குக் காதில் கிடந்த தோடு அடகுக்குப் போயிற்று. மூன்று ஊசியில் செவ்வந்தி தேறினாள். மணியைத் தட்டிவிட்டு, அதன் ஓசை அடங்கும்வரை வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள்.

நான்காவது குப்பிக்கு முன்னால் மழை வந்துவிட்டது.

மழை வந்தால் உப்பளத்தில் வேலை இல்லை. பாத்தியெல்லாம் குளமாகிவிடும். தை பிறக்கும்வரை கூலி கிடையாது. வடிவு நனைந்த தலையுடன் கடைக்கு வந்தாள். மேசையோரம் நின்று, வேறு ஆள் போகும்வரை காத்திருந்தாள்.

"அண்ணாச்சி, ரெண்டாயிரத்தித் தொள்ளாயிரம் இருக்கு."

"மிச்சம்?"

"தையில தாரேன். என்மேல நம்பிக்கை இல்லாமலா?"

"நம்பிக்கைக்கு என்ன கொறச்சல்? கடன் குடுத்தாலும் இது வெலைக்கொறைப்புன்னுதான் எடுத்துக்கிடும்."

"அப்போ உங்க கையில உள்ளத எனக்குத் தாங்க. மருந்துக்கு வேண்டாம், தீவாளிக்குச் சேல எடுக்கன்னு தாங்க. அதுக்குத் தெரியவா போவுது?"

"உங்களுக்கு மூணு குப்பி வித்திருக்கேன்லா. நான் என்ன பேர் சொல்லிக் குடுத்தாலும் அதுக்குத் தெரியும். எஸ்தர் குடுத்தாலும் தெரியும்." அவர் பெட்டியின் திரையில் தொகையைப் போட்டுக் காட்டினார். "வாசிங்க."

வடிவு எழுத்துக்கூட்டி வாசித்தாள். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு ஒரு குப்பி விற்றால் திருப்பித் தரவேண்டிய நபர்கள் நூற்று நாற்பத்து மூன்று. மொத்தம் இரண்டு லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூறு. கீழே, சம்மதமா என்று கேட்டு ஒரு பச்சைக் கட்டம் துடித்துக்கொண்டிருந்தது.

"யாத்தே! எனக்கு ஆயிரத்தித் தொள்ளாயிரம் விடுததுக்கா?"

"ஆமா. கடையே போயிரும்."

வடிவு கையிலிருந்த நோட்டுகளை மடித்து முந்தானையில் முடிந்தாள். பிறகு, "உப்பளத்துக் கங்காணிகிட்ட முன்பணம் கேக்கலாம்னு பாக்கேன்" என்றாள்.

"அவன்கிட்டப் போவாதீங்க. இன்னைக்கு ரெண்டாயிரம் தருவான், அடுத்த வருசம் பூரா அவனுக்கு உழைச்சுக் குடுக்கணும். நான் ஒண்ணு சொல்லட்டா?" ஞானதிரவியத்தின் முகம் தெளிந்தது. காலையில்தான் மொத்த வியாபாரி பேசியிருந்தார். "இந்த மருந்துக்குப் புதுசா இன்னொரு ஆலை திறக்காங்க. வார சனிக்கிழம வெல பாதிக்குப் பக்கமாக் கொறையுது. ரெண்டாயிரத்து அறுநூறு. உங்க கையில உள்ளதே போதும். அது மட்டுமில்ல, முந்தி வாங்கின மூணு குப்பிக்கும் வித்தியாசம் உங்களுக்குத் திரும்பி வரும். ஒரு அஞ்சு நாள் பொறுங்க."

"டாக்டரம்மா தள்ளிப்போடாதீங்கன்னு சொன்னாகளே?"

"அஞ்சு நாளுல ஒண்ணும் ஆகாது. பொறுங்க."

அவள் முகத்திலும் வெளிச்சம் வந்தது. "நீங்க சொன்னா சரி அண்ணாச்சி" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். பச்சைக் கட்டம் அணைந்தது.

ஞானதிரவியம் நல்ல மனிதர். கங்காணியிடமிருந்து ஒரு பெண்ணைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் அன்று அவர் விட்ட மூச்சில் இன்னொரு ஆறுதலும் கலந்திருந்தது. கடை தப்பியது என்ற ஆறுதல். அதை அவர் அப்போது தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை விலை குறையவில்லை. ஆலைக்கு இன்னும் ஒரு கையெழுத்து பாக்கி என்றார்கள். அடுத்த புதன் என்றார்கள். வடிவு புதன்கிழமை வந்தாள். திங்கள் என்றார்கள்.

"ஐயர்கிட்டச் சொல்லுவமா? கோயில்ல தர்மப்பணம் இருக்கு. அவங்க குடுத்தா நம்ம கணக்குல வராதே" என்று எஸ்தர் கேட்டாள். அவர்கள் பக்கத்தில் தேவாலயத்தைக் கோயில் என்றும் போதகரை ஐயர் என்றும் சொல்வார்கள்.

"வெலதான் கொறையப்போவுதே. நாலு நாளுக்காகக் கோயில் பணத்துல கைவைக்கச் சொல்லவா?"

"நாலு நாளு நாலு நாளுன்னு ரெண்டு வாரம் ஆச்சு. அது சின்னப்பிள்ளைங்க."

"எனக்குத் தெரியாதா எஸ்தர்? தெனமும் அந்தப் பிள்ளைக்காக ஜெபம் பண்ணுதேன்."

பண்ணினார். உண்மையாகவே பண்ணினார். கை செய்யவேண்டிய வேலையை முழங்கால் செய்துகொண்டிருந்தது. ஆண்டவன் முழங்காலையும் கொடுத்தான், கையையும் கொடுத்தான். ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கொடுத்துவிட்டு நாம்தான் காத்திருக்கிறோம்.

பதினேழாம் நாள் வடிவு மகளை இழுத்துக்கொண்டு மழையில் ஓடிவந்தாள்.

"நேத்து சாயங்காலம் இடி விழுந்துச்சு அண்ணாச்சி. உப்பளத்து நாயெல்லாம் ஊளையிட்டுக்கிட்டு ஓடுச்சு. இவ திரும்பியே பாக்கல. பின்னால நின்னு சோத்துத் தட்ட ஓங்கித் தட்டுனேன், திரும்பல. என்ன அண்ணாச்சி இது? என்ன இது?"

செவ்வந்தி வாசலில் எம்பி மணியைத் தட்டினாள். மணி ஆடியது. அவள் அதையே பார்த்தாள். மறுபடியும் தட்டினாள், இன்னும் ஓங்கி. பிறகு திரும்பி, "மாமா, மணி கெட்டுப்போச்சு" என்றாள், வழக்கத்தை விடவும் சத்தமாக.

கடை முழுவதும் மணியோசை நிறைந்திருந்தது.

ஞானதிரவியம் அன்று ஒன்றும் யோசிக்கவில்லை. குப்பியை எடுத்தார், தொகையைப் போட்டார், பச்சைக் கட்டத்தில் விரலை வைக்கப் போனார். ஆனால் வடிவு அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையிலயே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுத்தான் வாரோம். இனி ஊசி போட்டுப் பிரயோசனம் இல்லன்னுட்டாக. நரம்பு செத்துப்போச்சாம். காதுல மாட்டுத மெசினு வச்சாலும் கேக்காதாம். உங்க கட எதுக்கு வீணாப் போகணும்?"

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரை அறுத்தது.

இரண்டு நாள் கழித்து விலை குறைந்தது.

அன்று ஊரில் பல கைபேசிகள் இனிமையாக ஒலித்தன. கால் மரத்துப்போனவர்கள் சிலர் கடைக்கே வந்து, "நல்ல சேதி வே! உம்ம வாயில சக்கரதான் போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உச்சிவெயில் நேரம் வடிவு வந்தாள். கைபேசியை மேசைமேல் வைத்து அவர்பக்கம் தள்ளினாள். திரையில் பூக்கள் விழுந்துகொண்டிருந்தன. மகிழ்ச்சி, உங்கள் ஆறாயிரத்து அறுநூறு ரூபாய் திரும்பி வந்துவிட்டது என்று எழுதியிருந்தது.

"இத எப்பிடித் திருப்பி அனுப்புதது அண்ணாச்சி?"

"எதுக்கு? உங்க பணம்லா."

"எனக்கு வேண்டாம். நான் கேக்கல. குடுத்தவங்க எடுத்துக்கிடட்டும்."

"அதுக்கு வழி இல்லம்மா. வந்தத வாங்கிக்கிட மட்டுந்தான் இதுல வழி வச்சிருக்கான்."

"அப்பிடியா?" என்றாள் வடிவு. கைபேசியை எடுத்து முந்தானையில் துடைத்தாள், ஏதோ அதன்மேல் பட்டுவிட்டதுபோல. "கங்காணி தாரேன்னுதான் சொன்னான். வீட்டுவாசல்ல வந்து நின்னு கேட்டான், பணம் வேணுமாட்டின்னு. வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டேன். நீங்க பொறுன்னு சொன்னீங்க. நான் பொறுத்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள். படி இறங்கும்போது தலையில் இடிபடாமல் இருக்க மணியைக் கையால் ஒதுக்கிப் பிடித்து, ஓசை வராமல் விட்டாள்.

அதன்பிறகு அவள் அந்தக் கடைக்கு வரவில்லை. மருந்துக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்து வேறு கடைக்குப் போனாள்.

கார்த்திகைக் கடைசியில் ஒருநாள், மீன் விற்கும் பெண் ஒருத்தி காய்ச்சல் மருந்து வாங்க வந்தாள். பன்னிரண்டு ரூபாய் குறைந்தது. கணக்கை இரண்டு முறை பார்த்துவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள்.

"பொறுங்க" என்றார் ஞானதிரவியம்.

சொன்னவுடன் அந்தச் சொல் அவர் காதிலேயே விழுந்தது. பத்து வருஷமாக ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருப்பார்? பொறுங்க, குறையும். பொறுங்க, திரும்பி வரும். ஊரே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது. நோய்க்கு மட்டும் அந்தப் பேச்சு தெரியவில்லை.

குறைந்த தொகையைப் போட்டார். முந்நூற்றுப் பத்துப் பேர், மூவாயிரத்து எழுநூற்றிருபது ரூபாய், சம்மதமா என்று பெட்டி கேட்டது. அழுத்தினார்.

அடுத்த கால்மணி நேரத்தில் தங்கச்சாமி வந்துவிட்டார். துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், கடையின் பழைய வாடிக்கைக்காரர்.

"என்னவே, பன்னெண்டு ரூவா திரும்பி வந்திருக்கு! அப்போ இத்தன நாளா எங்க தலையில மொளகா அரைச்சிருக்கீரு?"

"ஆமா அண்ணாச்சி. இன்னைக்குத்தான் அரைக்கத நிறுத்திருக்கேன்."

"கிண்டலாக்கும்? நாளைக்கும் கொறையுமா? கொறையும்னா நாளைக்கே வாங்கிக்கிடுதேன்."

"இன்னைக்கே வாங்கும். பொறுக்காதீரு."

தங்கச்சாமி அவரை ஒருமாதிரி பார்த்துவிட்டு, மருந்து வாங்காமலே போனார்.

மறுநாள் ஒரு கிழவருக்கு எட்டு ரூபாய் குறைந்தது. அதற்கு மறுநாள் ஒரு பெண் பிள்ளைப்பேற்று மாத்திரைக்கு நாற்பது குறைவாகக் கொண்டுவந்தாள். ஒவ்வொருவருக்கும் ஞானதிரவியம் அழுத்தினார். ஒருவரிடம் இரக்கம் காட்ட, தேவையில்லாத நூறு பேருக்குக் கூலி கொடுத்தார். பணம் போய்ச்சேர்ந்தவர்களுக்கு ஏன் வந்தது என்று தெரியாது. சிலர் சிரித்தார்கள், சிலர் திருடன் என்றார்கள். எஸ்தர் ஒருநாள் கணக்கைப் பார்த்தாள்.

"இப்பிடியே போனா மாசி வரைக்குந்தான் தாங்கும்."

"தெரியும்."

"அன்னைக்கு அந்தக் கடைவாசல்ல நீங்க மட்டுமா நின்னீங்க? நானுந்தான் பக்கத்துல நின்னேன்." கணக்கை மூடி வைத்தாள். "மாசி வரைக்கும் குடுங்க."

மாசிக் கடைசியில் கடை கைமாறியது. கடன்களை அடைத்தபின் இருவரும் சிக்கனமாகச் சாப்பிடும் அளவுக்கு மிஞ்சியது. விற்பனை உரிமத்தை ஒப்படைத்தபோது அதிகாரி ஒரு தாளை நீட்டி, "தொண்ணூறு நாளைக்குப் பழைய வாடிக்கையாளர் யாருக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது சார். அதுக்கப்புறம் நீங்க சாதாரண ஆள், யாருக்கு வேணும்னாலும் என்ன வேணும்னாலும் கொடுக்கலாம்" என்றார்.

"சாதாரண ஆள்" என்று ஞானதிரவியம் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டார்.

தொண்ணூறு நாள். அவரும் பொறுத்தார். சாலையில் இரண்டுமுறை செவ்வந்தியை எதிரில் பார்த்தார். அவள் கை ஆட்டினாள். இவர் சட்டைப்பைக்குள் கையை வைத்துக்கொண்டே நடந்தார்.

தொண்ணூற்றோராம் நாள் வைகாசி மாதத்து வெயில். உப்பளங்களில் உப்பு வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கண்ணைக் கூசவைத்தது. பெண்கள் எல்லாரும் பாத்தியில் இருந்தார்கள். குடிசைகள் இருந்த வரிசையில் ஆள் நடமாட்டம் இல்லை. ஞானதிரவியம் கடலைமிட்டாய்ப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

செவ்வந்தி வேலிநிழலில் உட்கார்ந்து சிப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் நிழல் மேலே விழுந்தபிறகுதான் நிமிர்ந்தாள்.

"மாமா! அம்மா அளத்துக்குப் போயிருக்கா" என்றாள் உரக்க. தன் குரல் தனக்குக் கேட்காததால் அவள் பேச்சு மேடுபள்ளமாக இருந்தது. "உங்க கடைய மூடிட்டீங்களாமே?"

அவர் தலையை ஆட்டினார். அவள் எதிரில் மண்ணில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். பிறகு அவளுடைய சிப்பிகளைக் காட்டினார், மிட்டாயைக் காட்டினார்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. விளையாட்டுக்குக் காது வேண்டாம். சிப்பியில் ஐந்தை எண்ணி அவர்முன் வைத்தாள். கடைக்கு வந்த பெரிய மனுஷிபோல் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

ஞானதிரவியம் ஐந்து மிட்டாயை ஒவ்வொன்றாக எண்ணி அவள் உள்ளங்கையில் வைத்தார். நிறுத்தினார். பிறகு ஆறாவது ஒன்றை எடுத்து அவற்றின்மேல் வைத்தார்.

அவள் சிப்பிகளை எண்ணினாள். மிட்டாயை எண்ணினாள். "ஒண்ணு கூட வந்துட்டு மாமா" என்று எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் அதை மறுபடி அவள் கையில் வைத்தார்.

அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடையில் யாரும் இப்படி எண்ணி அவள் பார்த்ததில்லை. மண்ணில் தேடி இன்னொரு சிப்பி எடுத்துவந்து ஐந்துடன் சேர்த்து வைத்தாள். இப்போது சரியாகிவிட்டது என்பதுபோல் பார்த்தாள்.

அவர் அந்தச் சிப்பியை எடுத்து, அவளுடைய இன்னொரு கையில் வைத்து, விரல்களை மெல்ல மூடினார். அவருடைய உதடுகள் ஒரு சொல்லைச் சொல்லின. அவள் அந்த உதடுகளையே பார்த்தாள். மிட்டாயைப் பார்த்தாள். மறுபடி உதடுகளைப் பார்த்தாள். எங்கோ பழைய ஒரு கேள்வி அவள் முகத்துக்கு மெல்ல ஏறி வந்தது.

"மாமா, இதுதானா?"

ஞானதிரவியம் தலையை ஆட்டினார்.

சாலையில் யாரும் இல்லை. அளத்தில் குனிந்திருந்தவர்கள் யாரும் நிமிரவில்லை. செவ்வந்தி மற்ற ஐந்தையும் மடியில் வைத்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் வாயில் போட்டுக்கொண்டாள்.